மந்தாரக்குப்பத்து விலை

வடலூர் சந்தையில் ஒரு செவலைப் பசு கைமாறிக்கொண்டிருந்தது. தரகரும் வாங்க வந்தவரும் துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை பேசிக்கொண்டிருக்க, நான் நாலடி தள்ளிப் பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றேன். என் கையில் இருந்த படிவத்தில் ‘கறவைப் பசு, ஒன்று’ என்ற வரிக்கு நேரே ஒரே ஒரு கட்டம். அதில் ஒரு எண்ணை எழுதிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. அந்த எண்தான் துண்டுக்கு அடியில் இருந்தது. துண்டு விலகியதும் தரகரிடம் எவ்வளவு என்று கேட்டேன். அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பார்வை என் செருப்பில் கொஞ்ச நேரம் நின்றது. “டீச்சரம்மா மாடு வாங்க வந்தீங்களா, மாட்டுக்காரனக் கட்டிக்க வந்தீங்களா?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் டீச்சர் இல்லை என்றேன். படித்த பெண் என்றால் டீச்சராகத்தான் இருக்க வேண்டும் என்று இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது.

மூன்றாவது வாரத்தில் வழி கண்டுபிடித்தேன். மாட்டை விற்றவரைக் கேட்கக் கூடாது. பத்தடி பின்னால் வெறுங்கையோடு நடந்து போகும் அவர் மனைவியைக் கேட்க வேண்டும். அவள் சொல்லும் விலையில் பொய் இருக்காது. அன்றைக்கும் சந்தையைத் தாண்டிப் பேருந்து நிற்கும் இடம்வரை ஒருத்தியின் பின்னால் போனேன். “இருநூறு” என்றாள். கட்டத்தில் எழுதிக்கொண்டேன். எழுதிய பிறகும் எனக்குப் போக மனமில்லை. இதே மாடு மந்தாரக்குப்பத்தில் இருநூற்று எண்பது போகுமே, ஏன் அங்கே ஓட்டிப் போகவில்லை என்று கேட்டேன். அவள் நின்று என்னைப் பார்த்தாள். “அங்க போற வரைக்கும் அது இதே மாடா இருக்குமா?” என்றாள். என்ன அர்த்தம் என்று கேட்பதற்குள் பேருந்து வந்துவிட்டது.

அது அறுபத்தைந்தாம் வருடம். சிதம்பரத்தில் பொருளாதாரம் படித்து பி.ஏ. வாங்கியிருந்தேன். எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் பெண் தனம் என்று சொல்வார்கள். அது தப்பு, முதல் ஆள் என்று சொல்ல வேண்டும். அப்பா கண்ணையன் நிலக்கரிச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் ஆள். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும், வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தூங்குவார். அம்மா செங்கமலம் டவுன்ஷிப்பில் புதிது புதிதாக எழும்பிக்கொண்டிருந்த குவார்ட்டர்ஸ்களுக்குச் சித்தாள். ஜல்லிக் கூடை சுமந்து அவள் உச்சந்தலையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு முடியே இல்லை. எனக்குக் கிடைத்தது விலைவாசி திரட்டும் அலுவலகம் ஒன்றில் மூன்று மாதத் தற்காலிக வேலை. சம்பளம் மூன்று மாதமும் முடிந்தபின் மொத்தமாக. ஒரே சந்தையில் இரண்டு மாட்டுக்கு இரண்டு விலை இருந்தால் என்ன செய்வது என்று மேலாளர் நல்லசாமியைக் கேட்டபோது, கூட்டி இரண்டால் வகுத்துவிடு என்றார். இந்த வகுத்தலுக்காகத்தான் மூன்று வருடம் படித்திருக்கிறேன்.

ஆனாலும் அந்த எண்கள் என்னைப் பிடித்துக்கொண்டன. எங்கள் ஊரில் வேளைக்கு ஒன்றரைப் படி கறக்கும் நாட்டுப் பசு நூற்று அறுபது. வடலூரில் இருநூறு. காடாம்புலியூர்ப் பக்கம் இருநூற்று முப்பது. மந்தாரக்குப்பத்தில் இருநூற்று எண்பது. எல்லாம் ஒரு பகலில் நடந்து போகக்கூடிய தூரம். ஏற்றிச் செல்லும் செலவைத் தாண்டி இரண்டு சந்தைகளுக்கு நடுவே விலை விலகி நிற்காது என்று நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன், மார்க்கும் போட்டார்கள். மாட்டுக்கு ஏற்றுகூலியே கிடையாது. தன் காலால் நடந்து போகும் சரக்கு. பிறகு ஏன் போகவில்லை? கட்டத்தை நிரப்பிய பிறகும் நான் சந்தை சந்தையாக இதையே கேட்டுக்கொண்டு திரிந்தேன். ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு பதில். எங்கள் ஊரைச் சுற்றி நிலமெல்லாம் சுரங்கத்துக்குப் போய்விட்டது. நெல் இல்லாத ஊரில் வைக்கோல் ஏது? வைக்கோல் இல்லாதவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் மாட்டை விற்க அவிழ்த்ததால் விலை விழுந்தது. காடாம்புலியூரில் முந்திரியும் பலாவும் காசாகும் வைகாசியில் விலை ஏறி, அடைமழையில் இறங்கும். மந்தாரக்குப்பத்தில் மாட்டின் பல்லைக்கூட யாரும் பிடித்துப் பார்ப்பதில்லை. எத்தனை படி என்று மட்டும் கேட்பார்கள். பக்கத்து டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் பெருகப் பெருகப் பால் போதவில்லை. அதிலும் சம்பள வாரத்தில் கேட்ட விலைக்குப் போகும். மாட்டின் விலையைத் தெரிந்துகொள்ள வைக்கோலையும் சம்பளத் தேதியையும் விசாரிக்க வேண்டும் என்று படிவத்தின் பின்பக்கம் எழுதி வைத்தேன். பின்பக்கத்தை யாரும் படிக்கப்போவதில்லை.

இந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டுப் பசு சுட்டியின் பங்கு பிரிக்கும் நாள் வந்தது. நெற்றியில் வெள்ளைப் பொட்டு இருந்ததால் அதற்கு அந்தப் பெயர். மூன்று வருடத்துக்கு முன், எட்டுக் காணி நிலம் வைத்திருந்த சிங்காரவேல் அதைக் கிடாரிக் கன்றாக அம்மாவிடம் வாரத்துக்கு விட்டார். வாரம் என்றால், கன்று அவருடையது, வளர்ப்பது நாங்கள். ஈன்ற பிறகு மாட்டுக்கு ஒரு விலை வைத்து, இரண்டு பங்கு. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு முறை உண்டு. வளர்த்தவர்தான் விலை சொல்ல வேண்டும். விட்டவர், மாட்டை எடுத்துக்கொண்டு பாதி விலை கொடுப்பதா, அல்லது மாட்டை வளர்த்தவருக்கே விட்டுப் பாதி விலை வாங்கிக்கொள்வதா என்று முடிவு செய்வார். சொன்ன விலையைத் திரும்ப எடுக்க முடியாது. சுட்டி ஈன்று இருபது நாள் ஆகியிருந்தது. சிங்காரவேலின் எட்டுக் காணியும் சுரங்கத்துக்குப் போய், அவருக்கு அங்கேயே பர்மனென்ட் வேலையும் கிடைத்து, குவார்ட்டர்ஸும் ஒதுக்கியிருந்தார்கள். வீட்டைக் காலி செய்வதற்குள் கணக்கு முடிய வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

அவர் வாசலுக்கு நான் செருப்போடு போனேன். வேண்டுமென்றேதான். அம்மா தன் செருப்பை வழியிலேயே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். “ஆண்டே” என்று எசமானைக் கூப்பிடும் சொல்லால் அவள் கூப்பிட்டபோது, நான் இன்னும் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தேன். சிங்காரவேல் ஷிப்ட் முடிந்து வந்த காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். சட்டையின் தோளில் பழுப்பு நிலக்கரித் தூசு. என் காலைப் பார்த்தார்.

“வெல சொல்லு செங்கமலம்.”

அம்மா வாயைத் திறந்தாள். அவள் எங்கே நூற்று அறுபது என்று சொல்லி, அவர் எண்பது ரூபாயை வீசிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவாரோ என்று எனக்குப் பதைத்தது. “இருநூத்தி எண்பது” என்றேன் நான்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் முதுகு மட்டும் கொஞ்சம் தாழ்ந்தது. சிங்காரவேல் இது எங்கிருந்து வந்த விலை என்று கேட்டார். நான் படிவத்தை எடுத்து நான்கு சந்தைகளின் விலையையும் தேதியோடு வாசித்தேன். குறுக்கே பேசாமல் முழுதும் கேட்டார். உண்மையாகவே அறிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். முடித்ததும், எங்கள் ஊர் விலையை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

“அப்ப இந்த ஊர்ல நின்னுக்கினு மந்தாரக்குப்பத்து வெல சொல்ற. சரி, பி.ஏ. படிச்ச பொண்ணு சொன்னா தப்பா இருக்குமா? மாட்ட நீங்களே வச்சிக்குங்க. என் பங்கு நூத்தி நாப்பதக் குடுத்துடுங்க.” பிறகு அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். “எனக்கு எதுக்கு மாடு? குவார்ட்டர்ஸ்ல எங்க கட்டுவேன், கக்கூஸ்லயா?”

திரும்பி வரும்போது அம்மா முன்னால் நடந்தாள். சுரங்கத்திலிருந்து ராப்பகலாய்ப் பம்பு இறைக்கும் தண்ணீர் ஓடும் வாய்க்கால் வந்ததும் இறங்கி முகத்தைக் கழுவினாள். கரை முழுக்கப் பச்சைப் புல். வைகாசி வெயிலில் ஊரே காய்ந்து கிடக்க, இங்கே மட்டும் முழங்கால் உயரம். நான், நியாயமான விலையைத்தானே சொன்னேன், அந்த ஆள் ஏமாற்றுவதை எத்தனை நாளைக்கு வாங்கிக்கொண்டிருப்பது என்று பொரிந்துகொண்டே நின்றேன்.

“அந்த ஆளு எங்கடி ஏமாத்தினாரு?” என்றாள் அம்மா. “அவருக்கு வைக்கோலு இல்ல, கட்ட எடமில்ல. எந்த வெல சொன்னாலும் மாட்ட நம்மகிட்டதான் வுட்டுட்டுப் போவாரு. நூத்தி அறுவதுன்னு சொல்லியிருப்பேன். எண்பது ரூவா சேத்து வச்சிருக்கறேன். மூணு வருசமா சேத்தது. குடுத்திருந்தா இன்னேரம் சுட்டி என் மாடு.”

அவளுக்குப் பணம்தான் வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். மாடு வேண்டும் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீ கேட்டியா? வடலூர்ல கேட்ட, காடாம்புலியூர்ல கேட்ட, போறவ வரவளயெல்லாம் நிறுத்திக் கேட்டுக்கினு திரிஞ்ச. வூட்ல இருக்கறவளக் கேட்டியா?”

அவள் புல்லை ஒரு கை பறித்து மடியில் போட்டுக்கொண்டாள். நாலு வீட்டுக்குப் பால் ஊற்றினால் கூடை தூக்கப் போக வேண்டாம் என்றாள். புல்லுக்குக் காசில்லை, வாய்க்கால் நிற்காது, சுரங்கம் இருக்கும்வரை பம்பு ஓடும் என்றாள். நான்கு சந்தையிலும் எனக்கு யாரும் சொல்லாத கணக்கு அது. வைக்கோலைப் பற்றி அத்தனை எழுதிய நான் இந்த வாய்க்காலைத் தினமும் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தேன். மீதி அறுபதை வட்டிக்கு வாங்கலாம் என்று மெல்லச் சொன்னேன். மாடு வட்டிக்காரனுக்குப் பால் கறக்கும், நான் அவனுக்குச் சாணி அள்ளணுமா என்று கேட்டுவிட்டு நடந்தாள்.

மறுநாள் சிங்காரவேலே எங்கள் தெருமுனை வரைக்கும் வந்தார். தெருவுக்குள் வரவில்லை. பணம் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சொன்ன விலை சொன்ன விலைதான், ஆனாலும் ஒரு வழி சொல்கிறேன் என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாட்டை மந்தாரக்குப்பத்துக்கு ஓட்டிவர வேண்டும். அங்கே கடைசியாக யார் உயர்த்திக் கேட்கிறார்களோ அதுதான் விலை. முடிந்தால் அந்த விலையில் பாதியை அவருக்குக் கொடுத்துவிட்டு அம்மாவே மாட்டை வைத்துக்கொள்ளலாம். முடியாவிட்டால் விற்றுப் பாதிப் பாதி. “ஒம் பொண்ணு சொன்ன எடம்தான?” என்றார். அம்மா தலையை ஆட்டினாள். ஞாயிறு ஆறாம் தேதி. சம்பள வாரம். விலை இருநூற்று எண்பதுக்குக் கீழே இறங்காது என்று எனக்குத் தெரியும். என் படிவத்தில் இருந்தது. அந்த வாரம் முழுக்க அம்மா முகத்தை நான் நேராகப் பார்க்கவில்லை.

ஞாயிறு விடிந்ததும் சுட்டியை அவிழ்த்தாள். கன்றுக்குட்டி கயிற்றின் நீளத்துக்குத் துள்ளித் துள்ளி விழுந்து கத்தியது. அதன் கயிற்றை அவிழ்க்கப் போனேன். “அது எதுக்கு, அவ்ளோ தூரம்? உள்ள கட்டு” என்றாள். சின்னக் கால் வலிக்கும் என்று இரக்கப்படுகிறாள் என்று நினைத்தேன். சுட்டி தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தது. அதற்குப் பிறகும் வழியெல்லாம் நின்று நின்றுதான் நடந்தது. அம்மா அதனிடம் மட்டும் ஏதோ பேசிக்கொண்டே வந்தாள்.

மந்தாரக்குப்பத்தில் கடைகளுக்குப் பின்னால் இருந்த செம்மண் திடலில் ஏழெட்டு மாடுகள் நின்றன. சிங்காரவேல் நைட் ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தார், கண்கள் சிவந்திருந்தன. முதலில் வந்தவர் கலியமூர்த்தி. ஆறு பசுக்களை டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காக ஓட்டிப் போய், வாங்குகிறவர்கள் கண்முன்னால் கறந்து ஊற்றுகிறவர். தண்ணீர் கலக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. சுட்டியை ஒரு சுற்று வந்தார். மடியைத் தட்டிப் பார்த்தார். “மடி ஜோரா இருக்குது” என்று சொல்லிக்கொண்டே செம்போடு உட்கார்ந்தார். சுட்டி நான்கு காலையும் ஊன்றி விறைத்து நின்றது. இழுத்து இழுத்துப் பார்த்தார். செம்பின் அடி நனைந்தது, அவ்வளவுதான். அம்மாவைக் கறக்கச் சொன்னார்கள். அவளும் உட்கார்ந்தாள். கை ஒழுங்காகத்தான் கறந்தது, மாடுதான் விடவில்லை.

“கன்னு எங்க?” என்றார் கலியமூர்த்தி.

சிங்காரவேல் அப்போதுதான் கவனித்தவர்போல் திரும்பினார். “ஆமா, கன்ன ஏன் ஓட்டியாரல?”

“நேத்துலேருந்து கழிச்சலுங்க ஆண்டே. எழுந்து நிக்கக்கூட முடியல” என்றாள் அம்மா. முகத்தில் ஒரு சுருக்கம் மாறவில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு முன் துள்ளிக் கயிற்றை அறுக்கப் பார்த்த கன்று. கன்றை ஊட்ட விடாமல் எங்கள் பக்கத்து மாடு சுரக்காது. கன்றின் மூக்கு மடியில் பட வேண்டும், அப்போதுதான் பால் இறங்கும். பால் இறங்காத மாட்டுக்கு மந்தாரக்குப்பத்து விலை கிடையாது. பேருந்துக்குப் போன அந்தப் பெண் சொன்னது இதைத்தானா என்று தெரியவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் கட்டியிருந்த மாடும் இங்கே நிற்கும் மாடும் ஒன்றல்ல, அப்படி ஆக்கிக் கொண்டுவந்தது என் அம்மா. நான் நான்கு சந்தைகளின் விலையைத் தெரிந்து வைத்திருந்தேன். விலையைத் தன் கையால் இறக்கத் தெரிந்தவளோடு இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன்.

ஒருவர் நூற்று நாற்பது கேட்டார். இன்னொருவர் நூற்று ஐம்பது. கலியமூர்த்தி போவதுபோல் போய்த் திரும்பி வந்தார். “கழிச்சல்ல கன்னு பூடுச்சுன்னா மாடும் வத்திப் பூடும். மடி அழகுக்காவ ஒரு பத்து ஏத்திச் சொல்றேன், நூத்தி அறுவது. அதுக்கு மேல எம் பொண்டாட்டி வூட்டுக்குள்ள சேக்கமாட்டா.” அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

சிங்காரவேல் தாடையைச் சொறிந்துகொண்டு மாட்டைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

“போன வாரம் இங்க வெல என்னான்னு எழுதின?”

“இருநூத்தி எண்பது.”

“மாடு இதே மாதிரிதான?”

அம்மா கயிற்றை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். அன்றைக்கு அந்த வாசலில் அவளை முந்திக்கொண்டு விலை சொன்ன என் வாய் இது. “அதெல்லாம் கன்னோட வந்த மாடுங்க” என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நூற்று அறுபதுதான் சந்தை விலை, கேட்டவர்கள் எதிரிலேயே நின்றார்கள்.

சிங்காரவேல் குனிந்து சுட்டியின் மடியைப் பார்த்தார். அவரும் நிலம் வைத்திருந்தவர், மாடு கட்டியவர், கன்று இல்லாத மாடு என்ன செய்யும் என்று தெரியாதவர் அல்ல. “சரி. எண்பதக் குடு” என்றார். அம்மா கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு நாலடி தள்ளிப் போனாள். முதுகைக் காட்டித் திரும்பி நின்று, இடுப்பிலிருந்து பணத்தை எடுத்தாள். ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயுமாகக் கசங்கிய நோட்டுகள். அவர் கையில் அவள் போட, அவர் எண்ணத் தொடங்கினார்.

அப்போது திடலின் மறுகோடியில் யாருடைய கன்றோ கத்தியது. பசித்த கன்று, விடாமல் மூன்று தடவை கத்தியது. சுட்டியின் காது இரண்டும் அந்தப் பக்கம் திரும்பின. என் கையில் இருந்த கயிறு ஒருமுறை இழுபட்டு நின்றது. கீழே மண்ணில் சொத்தென்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தேன். காம்பின் நுனியில் வெள்ளையாக ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. அடுத்த காம்பில் ஒன்று. பிறகு சொட்டு சொட்டாக இல்லாமல் மெல்லிய நூலாகவே இறங்க ஆரம்பித்தது. செம்மண்ணில் அது விழுந்த இடம் கறுத்துக்கொண்டே வந்தது.

அம்மாவுக்கு இது தெரியாது. அவள் நோட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிங்காரவேல் ஐம்பது வரை எண்ணியிருந்தார்.

நான் மாட்டோடு ஒட்டி நின்று வலது காலை மடிக்கு நேர் கீழே நகர்த்தினேன். புடவைக் கரை அதன் மேல் விழுந்தது. பால் சத்தமில்லாமல் என் கால்மேல் விழுந்தது. இவ்வளவு சூடாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. விரல்களுக்கு நடுவே இறங்கிச் செருப்பில் தேங்கியது. கயிற்றை முழங்கையில் மாட்டிக்கொண்டு, படிவத்தை எடுத்துச் சுட்டியின் முதுகில் வைத்து, பேனா மூடியைக் கழற்றினேன். மந்தாரக்குப்பம், கறவைப் பசு, ஒன்று. நூற்று அறுபது என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதினேன். நல்லசாமி இதைப் போன வாரத்தோடு கூட்டி வகுத்துவிடுவார்.

எண்ணி முடித்துப் பணத்தைக் காக்கிச் சட்டைப் பையில் செருகியபடி சிங்காரவேல் என் பக்கம் வந்தார். “எழுதிட்டியா?” என்றார். படிவத்தை அவருக்குத் தெரியும்படி திருப்பிக் காட்டினேன். வாசித்தார். அவர் பார்வை அந்தக் கட்டத்தைவிட்டு மெதுவாகக் கீழே இறங்கி, என் புடவைக் கரையில் வந்து நின்றது. தூரத்தில் கன்று இன்னும் கத்திக்கொண்டிருந்தது. பால் கணுக்காலைச் சுற்றி வழிந்து செருப்பு நிறைந்தது. நான் காலை எடுக்கவில்லை.